நெருப்பும் கையும்: பினாங்குத் தண்டவாளங்கள் உணர்த்தும் வரலாறு

ஊர்திகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றின் வேகத்தையும் தோற்றத்தையும் அவை ஓடத் தொடங்கிய ஆண்டுகளையும் வரிசைப்படுத்திக் காட்டுவர். அவையும் வேண்டியனவே. ஆயினும், அவற்றினும் அடிப்படையான வினாக்கள் இரண்டு உண்டு. ஊர்தியை இயக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகின்றது? அதனைச் செலுத்தவும் நிறுத்தவும் வல்ல கை எங்கே இருக்கின்றது? சுருங்கக் கூறின், நெருப்பு எங்கே, கை எங்கே என்பனவே அவ்வினாக்கள். இவற்றைக் கேட்டுக்கொண்டு பினாங்குத் தீவின் தண்டவாளங்களை நோக்கினால், பொறியியல் வரலாற்றோடு அதனுள் மறைந்து கிடக்கும் மாந்தர் வரலாறும் புலப்படும்.

இவ்வினாக்களை எளிதில் விளக்க வல்லது ஒரு சிறு பொருள். அதுவே வீட்டுத் தோட்டத்தில் ஓடும் சிற்றிரயில். செருமனியின் நூரம்பர்க் நகரைச் சேர்ந்த லேமன் நிறுவனம் 1968-ஆம் ஆண்டில் எல்.ஜி.பி. என்னும் பெயரில் தோட்ட இரயில்களை வெளியிட்டது. அவற்றின் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 45 மில்லிமீட்டர். வண்டிகளின் அளவு உண்மை வண்டியில் இருபத்திரண்டரையில் ஒரு பங்கு. மாணவர் ஒருவர் 45-ஐ 22.5-ஆல் பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் என்னும் விடை கிடைக்கும். மலாயாவின் இருப்புப்பாதைகள் மீட்டர் அகலத்தன. பினாங்குக் கொடிமலை இரயிலின் பாதையும் அவ்வகலத்ததே. ஆகவே, தோட்டத்தில் ஓடும் அச்சிறு வண்டி மலாயா இரயிலின் நேர்ச் சிற்றுருவம் எனலாம்.

இத்தகைய சிற்றிரயில் வழக்கமாகத் தண்டவாளத்தின் வழியே மின்சாரம் பெற்று ஓடும். அதன் உரிமையாளர்களுள் பலர், அந்த இயந்திரத்தை மின்கலத்தால் இயங்குவதாகவும் வானொலி அலையால் ஆளப்படுவதாகவும் மாற்றி அமைக்கின்றனர். பொழுதுபோக்குவோரின் கைவேலையாகத் தோன்றும் இம்மாற்றத்தின் பின்னே நூற்றெண்பது ஆண்டு வரலாறு நிற்கின்றது.

மின்கலத்தில் தொடங்கிய பயணம்

மின்சார இரயில் என்றவுடன் மேலே செல்லும் கம்பியே நினைவுக்கு வரும். ஆனால், மின்சாரத்தால் இருப்புப்பாதையில் ஓடிய முன்னோடி வண்டி தன் ஆற்றலைத் தன்னுடனேயே சுமந்து சென்றது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரைச் சேர்ந்த இராபர்ட் டேவிட்சன் என்பார் உருவாக்கிய ‘கால்வானி’ என்னும் இயந்திரம் 1842-ஆம் ஆண்டில் எடின்பர்க்–கிளாஸ்கோ இருப்புப்பாதையில் ஓடிக் காட்டியது. அதன் வேகம் மணிக்கு நான்கு மைல் அளவே. துத்தநாகத்தைக் கரைத்து மின்சாரம் தந்த அதன் மின்கலங்களை மீண்டும் மின்னேற்ற இயலாது. துத்தநாகம் தீர்ந்தால் புதிதாக இடவேண்டும். நிலக்கரியோ மிக மலிவு. எனவே அம்முயற்சி அவ்வளவில் நின்றது. மீண்டும் மீண்டும் மின்னேற்றத் தக்க ஈய-அமில மின்கலத்தைப் பிரெஞ்சு அறிஞர் கேஸ்டன் பிளாண்டே 1859-இல் கண்டறிந்தார். எனினும், அதன் எடை வண்டிக்குப் பெருஞ்சுமையாயிற்று.

சுமையைக் குறைக்கும் வழியாக, ஆற்றலை வெளியிலிருந்து பெறும் முறை தோன்றியது. 1879-இல் பெர்லின் தொழிற்கண்காட்சியில் வெர்னர் சீமென்ஸ் ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள வட்டப் பாதையில் ஒரு சிறிய மின் இரயிலை ஓட்டிக் காட்டினார். ஓட்டுநர் இயந்திரத்தின் மீதே குதிரையேறுவது போல் அமர்ந்திருந்தார். நடுவே பதித்த தனித் தண்டவாளம் மின்சாரத்தைக் கொணர்ந்தது. ஈராண்டுகளுக்குப் பின், பெர்லினை அடுத்த லிக்டர்ஃபெல்டே என்னும் ஊரில் ஓடத் தொடங்கிய மின் டிராம் வண்டிக்கு இருபுறத் தண்டவாளங்களே மின்கம்பிகளாக அமைந்தன. இன்றைய தோட்ட இரயிலின் அமைப்பும் அதுவே. ஆனால் தெருவில் அது தீங்காயிற்று. பாதையைக் கடந்த குதிரைகளும் மனிதர்களும் மின்னதிர்ச்சிக்கு உள்ளாயினர். மின்சாரத்தைத் தரையில் வைத்தலின் இடர் முதற்கண் அங்கே வெளிப்பட்டது.

இரண்டாவது இடர் ஈரம். அதனைத் தமிழகம் கண்டது. சென்னை நகரில் 1895-ஆம் ஆண்டில் மின் டிராம் ஓடத் தொடங்கியது; இந்தியாவின் முதல் மின் டிராம் அதுவே. தொடக்கத்தில் அதற்குரிய மின்சாரம் தெருவின் அடியில் அமைத்த குழிவழியே வந்தது. சென்னையின் பருவமழை அவ்வமைப்பைப் பொறுத்துக்கொள்ளவில்லை. ஆகவே மின்சாரம் தரையை விட்டு மேல்நிலைக் கம்பிக்கு ஏற்றப்பட்டது. அவ்வாறே 1953 வரை சென்னை டிராம் ஓடிற்று. குளிர்நாட்டில் வகுத்த முறை வெப்பநாட்டு மழையில் பயன்படாது என்னும் உண்மையைச் சென்னைத் தெருக்கள் அன்றே உணர்த்தின.

ஜார்ஜ்டவுன் தெருக்களில்

பினாங்குத் தீவின் கதை இவ்வுலகக் கதையின் சுருக்கமாக அமைந்துள்ளது. ஜார்ஜ்டவுனில் 1880-களில் நீராவி டிராம் ஓடியது. அப்போது நெருப்பு வண்டியிலேயே இருந்தது. அதனை ஆளும் கையும் நெருப்பின் அருகிலேயே இருந்தது. கரி அள்ளிப் போடுபவர், நீர்மட்டம் பார்ப்பவர், நிறுத்துகோலைப் பற்றியவர் எனப் பணியாளர் யாவரும் பயணிகளின் கண்முன் நின்றனர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மின் டிராம் வந்தது. நெருப்பு வண்டியை விட்டு மின்னிலையத்திற்குப் பெயர்ந்தது. மேல்நிலைக் கம்பி ஒன்றின் வழியே வந்த மின்சாரம் மின்னோடியைச் சுழற்றித் தண்டவாளத்தின் வழியே திரும்பிச் சென்றது. கரி அள்ளியவருக்கு இனி வண்டியில் வேலையில்லை. அவரையொத்த ஒருவர் மின்னிலையத்தின் கொதிகலனருகே, பயணிகளின் பார்வைக்கு அப்பால், அதே வேலையைச் செய்தார்.

அடுத்த மாற்றம் 1925-இல் நிகழ்ந்தது. தண்டவாளமின்றி, இரு மேல்நிலைக் கம்பிகளைத் தொட்டுக்கொண்டு இரப்பர்ச் சக்கரங்களில் ஓடும் டிராலி பேருந்துகள் நகருக்கு வந்தன. தண்டவாளம் இல்லையாதலின் மின்சாரம் திரும்பிச் செல்ல இரண்டாவது கம்பி வேண்டியதாயிற்று. 1930-களில் டிராம்கள் மறைந்தன. டிராலி பேருந்துகளும் 1961-இல் ஓய்ந்தன. தம் எரிபொருளைத் தாமே சுமந்து செல்லும் பேருந்துகள் தெருக்களைப் பற்றிக்கொண்டன. நெருப்பு மீண்டும் வண்டிக்குள் புகுந்தது. எண்பது ஆண்டுகளுக்குள் அது வண்டியை விட்டு வெளியேறி, கம்பியில் ஊர்ந்து, மறுபடியும் வண்டிக்கே திரும்பிவிட்டது. பினாங்கு சாலையும் சூலியா தெருவும் கூடுமிடத்தில், சாலைப் பரப்பின் கீழிருந்து வெளிப்பட்ட பழைய டிராம் தண்டவாளத்தின் சிறு துண்டு காட்சிக்கு விடப்பட்டுள்ளது. அதனைக் காணும் மாணவர், அது வெறும் இரும்பன்று, மின்சாரம் திரும்பிச் சென்ற வழியும் ஆகும் என்பதை உணர்தல் வேண்டும்.

கொடிமலையில் பிரிந்த கை

நெருப்பு இடம் பெயர்ந்த வரலாற்றை நகரத் தெருக்கள் காட்டினால், கை இடம் பெயர்ந்த வரலாற்றைக் கொடிமலை காட்டுகின்றது. மலைக்கு இரயில் அமைக்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கொண்ட முதல் முயற்சி தோல்வியுற்றது. பின்னர்ப் பொறியாளர் அர்னால்ட் ஜான்சன் வகுத்த திட்டப்படி பணிகள் நடந்து, 1923-ஆம் ஆண்டு அக்டோபரில் இரயில் ஓடத் தொடங்கியது. 1924 சனவரி முதல் நாளில் ஆளுநர் லாரன்ஸ் கில்லமார்ட் அதனை முறைப்படி திறந்து வைத்தார். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை இரு பகுதிகளாக அமைந்திருந்தது. பயணிகள் நடுநிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறுதல் வேண்டும்.

இவ்விரயிலின் பெட்டியில் அதனை இழுக்கும் பொறி கிடையாது. வடத்தின் இரு முனைகளிலும் இரு பெட்டிகள் கட்டப்பட்டிருக்கும். ஒன்று இறங்க மற்றொன்று ஏறும். இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டிக்குத் துணையாகும். வடத்தைச் சுழற்றும் மின்னோடி பெட்டியிலன்றிப் பாதையோரத்து இழுபொறி அறையில் இருந்தது. அதனை இயக்கியவரும் அங்கேயே இருந்தார். பெட்டியில் நின்ற பணியாளர் சைகை அனுப்ப, தொலைவில் நின்ற கை வண்டியை நகர்த்தியது. ஓடும் வண்டி ஓரிடத்தும் அதனை ஓட்டும் கை வேறோரிடத்தும் இருக்கக் கூடும் என்பதைப் பினாங்கு மக்கள் நூறாண்டுகளுக்கு முன்னரே நாள்தோறும் கண்டு வந்தனர்.

1923-இன் மரப்பெட்டிகளுக்கு மாற்றாக 1977-இல் புதிய பெட்டிகள் வந்தன. 2010-இல் அப்பாதை மூடப்பெற்று முழுவதும் புதுப்பிக்கப்பட்டது. 2011-இல் மீண்டும் திறந்தபோது, இரு பகுதிகளும் ஒன்றாகி, நூறு பேர் ஏறத்தக்க பெட்டி இடையில் மாறாமலே உச்சியை அடைந்தது. முன்னர் அரைமணி நேரம் ஆன பயணம் சில நிமிடங்களாகச் சுருங்கியது. நடுநிலையத்தில் பெட்டி மாற்றிப் பயணிகளை ஏற்றி இறக்கிய பணி அத்துடன் முடிவுற்றது.

அலையில் ஏறிய ஆணை

கையையும் வண்டியையும் வடமோ கம்பியோ இன்றிப் பிரிக்க உதவியது வானொலி அலை. 1890-களின் நடுவில் ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் ஒரு செய்முறையை நிகழ்த்திக் காட்டினார். கண்ணுக்குப் புலனாகாத அலை சுவரைக் கடந்து சென்று ஒரு மணியை ஒலிக்கச் செய்தது. வெடிமருந்தையும் பற்ற வைத்தது. தொலைவில் நின்று ஒரு செயலை நிகழ்த்தலாம் என்பதற்கு அது சான்றாயிற்று. 1898-இல் நிகோலா டெஸ்லா நியூயார்க் நகரில் ஒரு சிறு படகை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டு, வானொலி அலையால் அதனைத் திருப்பியும் செலுத்தியும் காட்டினார். அப்படகினுள் மின்கலம் இருந்தது. எனவே, மின்கலமும் வானொலி ஆணையும் இணைந்த இன்றைய தோட்ட இரயிலுக்கு அப்படகே முன்னோடி எனலாம்.

ஆயினும் இவ்விணைப்பு எளியோர் கைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. அதற்குத் தடையாயிருந்தது மின்கலத்தின் எடையே. 1991-இல் லித்தியம் அயனி மின்கலம் விற்பனைக்கு வந்தபின், குறைந்த எடையில் மிகுந்த ஆற்றலைச் சுமக்க முடிந்தது. 1842-இல் டேவிட்சன் எண்ணியது ஒன்றரை நூற்றாண்டு கழித்து எளிதாயிற்று.

சிற்றிரயில் மாற்றம் பெறும் முறை

தோட்ட இரயிலை மாற்றி அமைக்கும் முறை இவ்வரலாறு முழுவதையும் ஒரு மேசையின் மீது நடத்திக் காட்டுவது போன்றதாகும். மாற்றத்திற்கு முன் அதன் இரு தண்டவாளங்களும் மின்சாரத்தின் இரு முனைகளாக உள்ளன. சக்கரங்கள் மின்சாரத்தைப் பெற்று மின்னோடிக்குத் தருகின்றன. மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். முனைகளை மாற்றினால் திசை மாறும். அறைக்குள் இம்முறை நன்று. பினாங்கைப் போன்ற மழை மிகுந்த ஊரின் தோட்டத்திலோ பித்தளைத் தண்டவாளம் விரைவில் கறுக்கும். இலையும் மண்ணும் படியும். வண்டி தயங்கித் தயங்கி நிற்கும். சென்னையின் குழிவழி மின்சாரத்திற்கு நேர்ந்த தொல்லையே ஈண்டும் சிறிய அளவில் நேர்கின்றது.

மாற்றுவோர் முதற்கண் இயந்திரத்தின் மேற்கூட்டைக் கழற்றிச் சக்கரங்களுக்கும் மின்னோடிக்கும் இடையிலுள்ள இணைப்பை முற்றிலும் துண்டிப்பர். இவ்விணைப்பில் ஒன்று தப்பி நிற்பினும், மின்னோட்டமுள்ள தண்டவாளத்தில் வண்டியை வைத்தவுடன் கருவிகள் பழுதுறும். பின்னர் மின்கலத்திற்கு இடம் தேடுவர்; கொதிகலன் வடிவக் கூட்டினுள்ளோ, கரியும் நீரும் ஏற்றும் பின்பெட்டியிலோ அது அமையும். 3.7 வோல்ட் அளவுள்ள நான்கு லித்தியம் கலங்களை வரிசையாக இணைத்தால் 14.8 வோல்ட் கிடைக்கும். அத்தொகுதியின் கொள்ளளவு இரண்டரை ஆம்பியர்-மணி எனவும், வண்டி ஓர் ஆம்பியர் மின்னோட்டம் கொள்வதெனவும் வைத்துக்கொண்டால், இரண்டரை மணி நேரம் அது ஓடும். மின்கலத்தின் அருகிலேயே பாதுகாப்பு உருகி இணைத்தல் இன்றியமையாதது. லித்தியம் கலம் குறுக்குத்தடத்திற்கு உள்ளானால் தீப்பற்றும்.

மின்கலத்திற்கும் மின்னோடிக்கும் இடையே வேகத்தை ஆளும் கருவி அமரும். அது மின்னழுத்தத்தைத் தடுத்துக் குறைப்பதில்லை. மின்சாரத்தை ஒரு நொடியில் பன்முறை விட்டுவிட்டு அனுப்பி, விடும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் வேகத்தை அமைக்கின்றது. அக்கருவிக்கு ஆணை தருவது வானொலி வாங்கி. இக்காலத்துக் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்துகின்றன. அதன் அலைநீளம் பன்னிரண்டரை செண்டிமீட்டர். அதில் நான்கில் ஒரு பங்காகிய மூன்று செண்டிமீட்டர் அளவுள்ள சிறு கம்பியே அலைவாங்கியாகப் போதும். அக்கம்பியை உலோகக் கூட்டினுள் மறைத்தல் ஆகாது. அலை அறுந்தால் வண்டி தானே நிற்குமாறு அமைத்தலும் நன்று. கை விட்ட வண்டி ஓடிக்கொண்டே இருத்தல் பெரிய இரயிலுக்கும் சிறிய இரயிலுக்கும் ஒருங்கே தீங்காகும்.

இவ்வாறு மாறிய வண்டிக்குத் தண்டவாளம் இனி வழிகாட்டி மட்டுமே. முன்னர்ப் பாதையை வளைத்து அதனுடனே மீண்டும் இணைத்தால் இரு முனைகளும் மோதிக் குறுக்குத்தடம் ஏற்படும். இப்போது அக்கவலை இல்லை. மின்கலத்தின் எடை சக்கரங்களின் பிடிப்பை மிகுவித்து, முன்பு இழுக்கத் தயங்கிய பெட்டிகளையும் இழுக்கச் செய்கின்றது.

மறைந்த நெருப்பு, மறைந்த மாந்தர்

இனி, முதலில் எழுப்பிய வினாக்களுக்குத் திரும்புதல் வேண்டும். மாறிய சிற்றிரயிலில் நெருப்பு இல்லை என்று கூறலாமா? கூறலாகாது. அதன் மின்கலத்தை நிரப்பிய மின்சாரம் ஏதோ ஒரு மின்னிலையத்தில் பிறந்தது. நெருப்பு அழியவில்லை, கண்ணுக்கு மறைந்தது. கையும் அவ்வாறே. கோலாலம்பூரில் 1998 முதல் ஓடும் கிளானா ஜெயா தடத்து இலகு இரயிலில் ஓட்டுநர் இல்லை. ஆயினும் கட்டுப்பாட்டு அறையில் கண்காணிப்போரும் பணிமனையில் பழுதுபார்ப்போரும் இருக்கின்றனர்.

இது தமிழர் சிந்திக்கத் தக்க செய்தியாகும். மலாயாவின் இருப்புப்பாதை வரலாறு தமிழ்த் தொழிலாளரின் உழைப்போடு பிணைந்தது. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை அமைந்த முதற்பாதைக்கு இலங்கையிலிருந்து முன்னோடித் தொழிலாளர் படை வரவழைக்கப்பட்டது. அதன்பின் நாடெங்கும் காடு வெட்டிப் பாதை அமைத்தோரிலும், நாள்தோறும் தண்டவாளம் காத்தோரிலும் தமிழர் பெருந்தொகையினர். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்ட மலாயாத் தமிழர் பல்லாயிரவர். அவர்களுட் பெரும்பாலோரின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. கொடிமலை இரயிலைத் திட்டமிட்ட பொறியாளரின் பெயரும் திறந்து வைத்த ஆளுநரின் பெயரும் ஏட்டில் உள்ளன. மலையைக் குடைந்தவர்களின் பெயர்களை அவற்றோடு எவரும் சேர்த்து எழுதுவதில்லை.

ஆற்றல் ஓரிடம் விட்டு ஓரிடம் பெயரும் ஒவ்வொரு முறையும், அதனோடு வாழ்ந்த ஒரு தொழில் மறைகின்றது. தொழில் மறைந்தால் அதன் கருவிப் பெயர்களும் பேச்சு வழக்குகளும் மறையும். பழைய பொருளைக் காப்போர் பலர். தொழில் நினைவைக் காப்போர் சிலரே. தமிழகத்தின் நீலகிரி மலை இரயில் இதற்கொரு நல்ல எடுத்துக்காட்டு. 2005-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற அவ்விரயிலின் நீராவி இயந்திரங்களுள் பல பிற்காலத்தில் கரிக்கு மாற்றாக எண்ணெய் எரிக்கும் வகையில் அமைக்கப்பட்டன. வடிவமும் ஒலியும் நின்றன. அவற்றில் கரி அள்ளிய கையின் வேலை நின்றுவிட்டது. மின்கலம் பெற்ற தோட்ட இரயிலும் இத்தகையதே. வெளியில் நீராவிக்காலத்து இயந்திரம். உள்ளே வேறொரு காலம்.

ஆதலின், பினாங்கின் பள்ளி மாணவர்கள் தண்டவாளத் துண்டையும் கொடிமலைப் பெட்டியையும் காணச் செல்லும்போது, ஆண்டுகளை மட்டும் குறித்து வருதல் போதாது. நெருப்பு அப்போது எங்கே இருந்தது, கை எங்கே இருந்தது, அந்த நெருப்பின் அருகில் நின்றவர் யார் என்று கேட்டறிதல் வேண்டும். அவர்தம் குடும்பங்களில் முதியோர் இன்னும் உள்ளனர். இருப்புப்பாதையிலும் நகராண்மைக் கழகத்திலும் துறைமுகத்திலும் பணியாற்றிய பாட்டன்மாரின் செய்திகளை அவர்கள் அறிவர். அச்செய்திகளை நல்ல தமிழில், பெயரோடும் ஊரோடும் ஆண்டோடும் எழுதி வைத்தல் ஒரு வகுப்பின் ஓராண்டுப் பணியாக அமையலாம். 2025-இல் பினாங்கில் முத்தியாரா இலகு இரயில் தடத்தின் கட்டுமானப் பணி தொடங்கியுள்ளது. தீவின் தெருக்களுக்கு மின் இரயில் மீண்டும் வரவிருக்கும் இவ்வேளையில், முந்தைய இரயில்களின் தொழிலாளரை எழுதி வைக்கும் பணியைத் தள்ளிப்போடுதல் தகாது.